டீசலுக்குள் இருக்கும் மெழுகு

2018 ஜனவரி. லே நகரில் காலை ஏழு மணி. ஸன்ஸ்கார் ஆறு உறைந்து பாதையாகிவிடும் மாதம். அந்தப் பனிமேல் நடப்பதற்காகச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் போயிருந்த ஏழு பேர், கம்பளி எது மனுஷன் எது என்று தெரியாத நிலையில் ஒரு டெம்போ டிராவலருக்குள் உட்கார்ந்திருந்தோம். டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். எல்லோரும் அவரை ‘அச்சோ லே’ என்று கூப்பிட்டார்கள். அச்சோ என்றால் லடாக்கி மொழியில் அண்ணன். ‘லே’ என்பது மரியாதைக்கு. நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. எனக்கு அப்போது புரியாமல் போனதே அதுதான். ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி, இரண்டு நிமிஷம் ஓடி, தெருமுனையைத் தாண்டும் முன் இருமி இருமி நின்றுவிட்டது. அச்சோ லே பானெட்டைத் திறக்கவே இல்லை. சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பம்பு ஸ்டவ்வை எடுத்தார், பற்றவைத்தார், குனிந்து நேராக டீசல் டேங்குக்குக் கீழே தள்ளினார்.

மூன்று பேர் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடினோம். அதில் நானும் ஒருவன். நான்கு வருஷம் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஜாவா எழுதப் போனவன். அவர் இந்தியில் சொன்னது தோராயமாக இப்படி: “பெட்ரோலா இருந்தா உங்களுக்கு முன்னாடி நான் ஓடியிருப்பேன். இது டீசல். இந்தக் குளிர்ல நீங்க கெஞ்சினாலும் பத்திக்காது.”

பிறகு ஒரு கெட்டில் வெந்நீரை ஃபில்டர் மேல் ஊற்றினார். இருபத்தைந்து நிமிஷத்தில் வண்டி கிளம்பியது. “டீசல் ஐஸ் ஆயிடுச்சா?” என்று கேட்டேன். “ஜம் கயா” என்றார். பனிக்கட்டி உறைவதற்கும் இந்தியில் அதே வார்த்தை, தயிர் உறைவதற்கும் அதே வார்த்தை. தமிழிலும் அப்படித்தானே? ஆறும் உறைகிறது, பாலும் உறைகிறது. டீசலுக்கு நடப்பது ஆற்றுக்கு நடப்பதல்ல, பாலுக்கு நடப்பது என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின.

கல்லூரியில் இதற்கு ஒரு பரிசோதனையே இருந்தது. டீசலை மெல்லக் குளிரவைத்து, எந்த வெப்பநிலையில் முதல்முதலாகக் கலங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதற்குப் பெயர் கிளவுட் பாயின்ட். இன்னும் குளிரவைத்து, சாய்த்தாலும் நகராத நிலைக்குச் சற்று முன்னால் குறித்துக்கொள்வது போர் பாயின்ட். இதற்கு ஐஸும் உப்பும் வேண்டும். எங்கள் லேபுக்கு ஐஸ் வரவே இல்லை. சீனியர் ரெக்கார்டு நோட்டிலிருந்து எண்களை எடுத்து எழுதினோம். அந்தச் சீனியருக்கும் ஐஸ் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்து எடுத்த எவருக்கும் விஷயத்தில் பாதி தெரியும். மீதிப் பாதி இது. டீசல் ஒற்றைப் பொருள் அல்ல. ஏறக்குறைய பத்து முதல் இருபதுக்கு மேற்பட்ட கார்பன் அணுக்கள் வரை கொண்ட நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளின் கூட்டம். அவற்றில் கிளையே இல்லாமல் நூல் போல நீண்டு கிடப்பவை பாரஃபின்கள், அதாவது மெழுகு. குளிர் ஏறும்போது மிக நீளமானவை முதலில் கரைசலிலிருந்து பிரிந்து மெல்லிய தகடுகளாகப் படிகின்றன. அந்தத் தகடுகள் சீட்டுக்கட்டு வீடு போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்க, இடையில் மீதி எண்ணெய் சிக்கிக்கொள்கிறது. நூறில் ஒன்றோ இரண்டோ பங்கு மெழுகு பிரிந்தாலே போதும். மீதி 98 பங்கு திரவமாகவே இருந்தும் மொத்தமும் அசையாது. தயிர் என்றேனே, அதுதான்.

டேங்க் முழுக்கத் தயிராவதற்கு ரொம்ப முன்பே ஃபில்டர் அடைத்துவிடும். வண்டி முதலில் ஸ்டார்ட் ஆனதற்குக் காரணம், குழாயிலும் ஃபில்டரிலும் ஏற்கெனவே நின்றிருந்த கொஞ்சம் டீசல். அது தீர்ந்து, டேங்கிலிருந்து மெழுகு வர ஆரம்பித்ததும் கதை முடிந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விவரம் ஒன்று உண்டு. டீசல் எவ்வளவு சுலபமாகத் தானே பற்றிக்கொள்ளும் என்பதை அளப்பது சீட்டேன் எண். அந்த அளவுகோலில் நூறு மதிப்பெண் வாங்கும் பொருள் சீட்டேன், பதினாறு கார்பன் கொண்ட நேரான சங்கிலி. அது உறையும் வெப்பநிலை 18 டிகிரி. எங்கள் ஆபீஸ் சர்வர் ரூமில் ஒரு பாட்டில் வைத்தால் காலையில் கட்டியாகியிருக்கும். எஞ்சினுக்குள் எது மிக நன்றாக எரியுமோ, அதுதான் டேங்குக்குள் முதலில் கைவிடுகிறது. ஆகவே மெழுகை மொத்தமாகத் துரத்திவிடவும் மனசு வராது.

பாரஃபின் என்ற பெயரின் வரலாறும் வேடிக்கையானது. 1830-ல் கார்ல் வான் ரைசன்பாக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மரத்தாரிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். எந்த அமிலத்தோடும் காரத்தோடும் சேராமல் தனித்து நின்றதால், ‘உறவு குறைந்தது’ என்று பொருள்படும் லத்தீன் சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்தார். அதற்குப் பிறகு ஒரு தலைமுறைக்கு இந்த மெழுகுதான் விலை போன சரக்கு. 1850-களில் லண்டனின் பிரைஸ் மெழுகுவர்த்தி நிறுவனம், பர்மாவின் யெனாங்யாங் பகுதியில் கையால் தோண்டிய கிணறுகளின் எண்ணெயைக் கப்பலேற்றி வரவழைத்தது. ‘ரங்கூன் தார்’ என்று அதற்குப் பெயர். அந்த எண்ணெயில் மெழுகு மிக அதிகம். சாதாரணக் குளிரிலேயே இறுகிவிடும். அதைக் காய்ச்சி வடித்து மெழுகுவர்த்தி வார்த்தார்கள். அன்று அந்த எண்ணெயை விலைபெறச் செய்ததே இந்த மெழுகுதான்.

எஞ்சின் வந்த பிறகும் உடனே இது பிரச்சினையாகவில்லை. ருடால்ஃப் டீசல் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது. நீராவி எஞ்சின்கள் அதில் பாதியைத் தொடவே திணறிய காலம். ஆனால் அது அறைக்குள் நிற்கும் ராட்சதன். தொழிற்சாலையில் ஓடியது, கப்பலில் ஓடியது. 1912-ல் டென்மார்க்கின் ‘செலாண்டியா’ டீசலில் ஓடும் பெருங்கடல் கப்பலாகப் புறப்பட்டுப் பாங்காக் வரை போய்வந்தது. எஞ்சின் அறை எப்போதும் வெதுவெதுப்பானது. மெழுகுக்கு அங்கே என்ன வேலை? 1923, 24-ல் பென்ஸும் மானும் டீசல் லாரிகளைத் தயாரித்து வெளியே விட்ட பிறகுதான் ஒரு மெல்லிய தகர டேங்க் ராத்திரி முழுக்கத் தெருவில் நிற்க வேண்டி வந்தது.

குளிர், எஞ்சின், போர் என்று பேச ஆரம்பித்தால் யாராவது ஒருவர் 1941-க்குப் போய்விடுவார். ‘மாஸ்கோவில் ஜெர்மன் டாங்கிகளின் டீசல் உறைந்துபோனதால் ஹிட்லர் தோற்றான்.’ வாட்ஸப்பில் இது எனக்கே மூன்று முறை வந்திருக்கிறது. அந்த ஜெர்மன் டாங்கிகளில் டீசலே கிடையாது. மூன்றாம், நான்காம் ரகப் பான்சர்கள் இரண்டிலும் மேபாக் பெட்ரோல் எஞ்சின். டீசலில் ஓடியது எதிர்ப்பக்கம்: டி-34, கே.வி. டாங்கிகளில் இருந்த வி-2 எஞ்சின். ஜெர்மானியர்களுக்கு இறுகியது எஞ்சின் ஆயில், கிரீஸ், பேட்டரி. அவர்களும் வண்டிக்கு அடியில் நெருப்பு வைத்தார்கள். ஆனால் இளக்கியது வேறு எதையோ. டீசல் வைத்திருந்த சோவியத்துகளுக்குக் குளிர் புதிதல்ல. அவர்கள் தர நிர்ணயத்தில் கோடை டீசல், குளிர்கால டீசல், ஆர்க்டிக் டீசல் என்று மூன்று தனி ரகங்கள் எழுதப்பட்டன. எங்கே யார் ஓட்டப்போகிறார்கள் என்று யோசித்து எழுதிய தாள் அது. ஒரு படையெடுப்பின் தோல்விக்குக் குளிரை மட்டும் காரணம் சொல்வதில், தோற்றவனுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது என்பது என் சந்தேகம்.

சரி, இந்தியாவுக்கு வருவோம். நம் மண்ணிலிருந்து கிடைக்கும் கச்சா எண்ணெயில் மெழுகு அதிகம். அசாமின் திக்பாய் சுத்திகரிப்பு நிலையம் 1901-ல் தொடங்கியது. அங்கே எடுத்த மெழுகு தனிச் சரக்காகவே விற்றது. 1953-ல் நாஹர்கட்டியாவில் கிடைத்த எண்ணெயோ 30 டிகிரியை ஒட்டியே இறுக ஆரம்பிக்கும். சென்னையில் ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வெப்பநிலை அது. இந்த எண்ணெயை 1962-ல் கவுகாத்திக்கும், 1964-ல் பீகாரின் பரௌனிக்கும் குழாயில் அனுப்ப வேண்டும். மொத்தம் 1157 கிலோமீட்டர். நடுவில் ஒரு நாள் பம்ப் நின்றால் குழாய் முழுக்க ஒரே நீண்ட மெழுகுவர்த்தி.

அதற்கு அவர்கள் கண்ட வழி மிக அழகானது. எண்ணெயை 90 டிகிரிக்கு மேல் சூடாக்கி மெழுகு மொத்தத்தையும் கரைத்துவிட்டு, பிறகு அளந்து அளந்து, குறிப்பிட்ட வேகத்தில் குளிரவைப்பார்கள். மெழுகில் ஒரு கிராம்கூடக் குறையாது. ஆனால் இப்படிக் குளிர்ந்த எண்ணெயில் படிகங்கள் பரந்த தகடுகளாகப் பின்னிக்கொள்ளாமல், தனித்தனிக் கொத்துகளாக உருவாகின்றன. எண்ணெய் ஓடும். பிரச்சினை மெழுகின் அளவில் இல்லை, அதன் வடிவத்தில் இருக்கிறது என்பதை அந்தக் கன்டிஷனிங் நிலையம் தினமும் டன் கணக்கில் நிரூபித்துக்கொண்டிருந்தது.

வேதியியலிலும் அதே யோசனையைத்தான் பிடித்தார்கள். எத்திலீனையும் வினைல் அசிடேட்டையும் இணைத்த ஒரு பாலிமர் டீசலின் போர் பாயின்ட்டைக் குறைக்கிறது என்று எஸ்ஸோவின் ஆய்வுப் பிரிவு 1962-ல் காப்புரிமை வாங்கியது. சுருக்கமாக ஈ.வி.ஏ. நீங்கள் போட்டிருக்கும் ஸ்போர்ட்ஸ் ஷூவின் அடிப்பாகமும் பெரும்பாலும் அந்தக் குடும்பம்தான். இதன் மூலக்கூறில் ஒரு பகுதி மெழுகைப் போலவே இருப்பதால், வளர்ந்துகொண்டிருக்கும் படிகத்துக்குள் சொந்தக்காரன் மாதிரி போய் உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு பகுதி துருத்திக்கொண்டு நின்று, பக்கத்தில் அடுத்த மெழுகு வந்து ஒட்டவிடாது. தகடுகள் வளராமல் சின்னச் சின்ன ஊசிகளாக நின்றுவிடும். ஃபில்டரில் படிந்தாலும் இடைவெளி வழியாக டீசல் கசிந்து போகும். லட்சத்தில் சில பத்துப் பங்கு கலந்தாலே வேலை நடக்கும்.

ஒரே நிபந்தனை: மெழுகு பிரிய ஆரம்பிக்கும் முன்பே கலந்திருக்க வேண்டும். உறைந்த பிறகு ஊற்றினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ராத்திரி படுக்கும் முன் பாலில் உறை ஊற்ற மறந்துவிட்டுக் காலையில் ஊற்றினால் என்ன ஆகும், அதுதான்.

இது வந்ததும் பழைய பரிசோதனை பயனற்றுப் போனது. டீசல் கலங்கியும் ஓடுகிறதே, அப்புறம் கலங்கும் வெப்பநிலையை அளந்து என்ன செய்ய? 1960-களின் நடுவில் ஐரோப்பாவில் புதிய சோதனை ஒன்றை உருவாக்கினார்கள். ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் 20 மில்லி டீசலை 45 மைக்ரான் சல்லடை வழியாக உறிஞ்சிப் பார்ப்பது; 60 விநாடிக்குள் ஏறாத வெப்பநிலை எதுவோ அதுதான் கணக்கு. வண்டியின் ஃபில்டரையே லேபுக்குள் கொண்டுவந்த மாதிரி. இன்றைய ஐரோப்பியத் தரத்தில் இந்த எண்ணை வைத்துத்தான் பருவத்துக்கும் நாட்டுக்கும் ஏற்ற ரகங்களைப் பிரிக்கிறார்கள்; கடைசி ஆர்க்டிக் ரகம் மைனஸ் 44 வரை தாங்க வேண்டும்.

நம் தரம் என்ன சொன்னது? டீசலுக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் போர் பாயின்ட்டுக்கு இரண்டே வரிகள். கோடையில் அதிகபட்சம் 15 டிகிரி. குளிர்காலத்தில் அதிகபட்சம் 3 டிகிரி. மைனஸ் அல்ல, வெறும் 3. முதல்முறை படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்று குளிர்காலத்துக்கு விளக்கமும் இருந்தது. அதாவது, 3 டிகிரியில் இறுகும் டீசலும் சட்டப்படி நல்ல டீசல்தான்.

எங்கள் தொழிலில் இதை ‘எட்ஜ் கேஸ்’ என்போம். பெரும்பாலானவர்களுக்கு வேலை செய்தால் போதும், ஓரத்தில் இருப்பவனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நானே எழுதியிருக்கிறேன் அப்படி. எண்ணெய் நிறுவனங்களின் பக்கத்திலும் கணக்கு இல்லாமல் இல்லை. குளிருக்குத் தாங்கும் டீசல் வேண்டுமென்றால் நீளச் சங்கிலிகள் இருக்கும் கனமான பகுதியை வெட்டிவிட வேண்டும். ஒரு பீப்பாய் கச்சாவிலிருந்து கிடைக்கும் டீசல் குறையும். நம் கச்சாவோ மெழுகு நிறைந்தது. தமிழ்நாட்டுக்கும் குஜராத்துக்கும் ஓடப்போகும் கோடிக்கணக்கான லிட்டரை எதற்கு வெட்ட வேண்டும்? நியாயம்தான். லடாக்கில் மட்டும் ஸ்டவ் எரிந்தது.

அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. ஸோஜி லா கணவாய் பனியில் மூடிக்கொண்டால் ஸ்ரீநகரிலிருந்து லேவுக்குச் சாலை கிடையாது. குளிர்காலத்துக்கு வேண்டிய எரிபொருளைக் கோடையிலேயே ஏற்றிச் சேமிக்க வேண்டும். விதியின் எழுத்தை மட்டும் பார்த்தால், கோடையில் கிளம்பும் லாரிக்கு 15 டிகிரி போதும்! ராணுவத்துக்கு நெடுநாளாகத் தனியாகக் குளிர்கால ரக டீசல் போய்க்கொண்டிருந்தது. பொதுமக்களுக்குப் பங்கில் கிடைத்தது சமவெளி டீசல்.

ஆகவே மண்ணெண்ணெய். அச்சோ லேயின் கணக்கு: டிசம்பரில் ஐந்துக்கு ஒன்று, ஜனவரியில் மூன்றுக்கு ஒன்று. மண்ணெண்ணெயில் நீளச் சங்கிலிகள் குறைவு என்பதால் மெழுகு அதில் தாராளமாகக் கரைந்திருக்கும். வேதியியல்படி கச்சிதமான வைத்தியம். டீசல் அளவுக்கு வழுவழுப்பு இல்லாததால் பம்ப் தேயும், இழுவையும் குறையும். அவர் அதையும் அறிந்துதான் செய்தார், “பம்ப் போனா ரிப்பேர் பண்ணலாம், கணவாய்ல நின்னா?” என்றார்.

ஆனால் டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது இந்த நாட்டில் குற்றம். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீல நிறம் ஏற்றியதே அதற்காக. மானிய விலை மண்ணெண்ணெயை டீசலில் கலந்து விற்ற கும்பல்கள் சம்பாதித்த பணம் கொஞ்சநஞ்சமல்ல. 2005 நவம்பர் 19 அன்று உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் சண்முகம் மஞ்சுநாத் என்ற இந்தியன் ஆயில் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. கோலார் தங்கவயலில் வளர்ந்தவர், லக்னோ ஐ.ஐ.எம்.மில் படித்தவர். கலப்பட எரிபொருள் விற்ற பங்குமீது நடவடிக்கை எடுத்ததற்காக அந்தக் கொலை. லாபத்துக்காக மண்ணெண்ணெய் கலந்தவர்களையும், தன் பயணிகளை உயிரோடு கொண்டுசேர்ப்பதற்காகக் கலந்த அச்சோ லேயையும் ஒரே சட்டவரி பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வரியைத் தளர்த்தியிருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வரிக்காக ஒருவர் செத்திருக்கிறார். உறையாத டீசலைக் கொடுத்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

கொடுக்கவும் செய்தார்கள். 2019 நவம்பர் 8 அன்று பானிபட் சுத்திகரிப்பு நிலையம் முதன்முதலாக பி.எஸ்.-6 தரத்தில் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலைத் தயாரித்துச் சான்று பெற்றது. நவம்பர் 17 அன்று உள்துறை அமைச்சர் அமித் ஷா டெல்லியிலிருந்து காணொளி வழியாக அதன் விற்பனையைத் தொடங்கிவைத்தார். ஜலந்தரிலிருந்து லேவுக்கும் கார்கிலுக்கும் லாரிகள் ஏறின. லடாக் யூனியன் பிரதேசமாகி இரண்டரை வாரம்தான் ஆகியிருந்தது. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் அரசியல் படிகிறது. அதற்காக டீசல் உறைந்துவிடுவதில்லை. 1962-லேயே காப்புரிமை வாங்கிய யோசனை, பொதுமக்களின் பங்குக்கு வந்துசேர 57 வருஷம். ராணுவத்துக்கு முடிந்தது மற்றவர்களுக்கு முடியாமல் போனதற்கு வேதியியல் காரணம் எதுவும் இல்லை.

போன வருஷம் என் நண்பன் ஒருவன் பிப்ரவரியில் தன் டீசல் காரிலேயே மேலே போகக் கிளம்பினான். கிறுக்குத்தனம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அச்சோ லே எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். ஜூலே, ஜூலே என்று இரண்டு நிமிஷம். இப்போது வண்டிக்கு அடியில் நெருப்பு வைப்பதில்லையாம். ஸ்டவ் மட்டும் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறதாம். புதிய டீசல் எப்படி என்று கேட்டேன்.

“டீசல் நல்லா இருக்கு. கீழேருந்து வர்றவங்கதான் மாட்டிக்கறாங்க. சண்டிகர்ல டேங்க் ரொப்பிக்கிட்டு வருவாங்க. பாதி டேங்க் அந்த டீசல் இருக்கும்போது இங்க வந்து மேலாக்க இதை ஊத்துவாங்க. ராத்திரி வண்டி வெளில நிக்கும். காலைல என்னைக் கூப்பிடுவாங்க.”

“அப்ப என்ன பண்ணச் சொல்லட்டும், அச்சோ லே?”

“கீழ் டீசலைக் கீழேயே தீர்க்கச் சொல்லு. முள்ளு சிவப்புக் கோட்டைத் தொடற வரைக்கும் ஓட்டிட்டு, அப்புறம் இங்க ரொப்பச் சொல்லு. ஃபில்டர் ஒண்ணு எக்ஸ்ட்ரா வாங்கி வெச்சுக்கட்டும். வண்டியை மூக்கு கிழக்கே பார்த்து நிறுத்தட்டும்.”

மூக்கு ஏன் கிழக்கே என்று கேட்டேன்.

“காலை வெயில் முதல்ல ஃபில்டர் மேல விழும்” என்றார்.